மென்பொருள் எழுத ஒரு பாவித்த மடிக்கணினி: திருகோணமலையில் வாங்கப் போகிறவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கணினித் துறைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னை அழைத்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "அண்ணா, மடிக்கணினி ஒன்று எடுக்க வேண்டும். எது நல்லது?" அடுத்த வசனத்தில் தொகை வரும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதும் அதோடு சேர்ந்தே வரும். அம்மாவின் சங்கிலி ஈட்டில் இருக்கிறது. சீட்டுக் காசு இந்த மாதம் கைக்கு வந்திருக்கிறது. கனடாவிலிருந்து மாமா அனுப்பியிருக்கிறார். இப்படிச் சேர்ந்த பணம் எதற்கும் உதவாத ஒரு பெட்டியில் போய் முடங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

என் முதல் மடிக்கணினியும் அப்படி முடங்கியதுதான். நகரத்துக் கடையொன்றில் பெட்டி பிரிக்காத புதியதாக வாங்கினேன். மெல்லியது, வெள்ளி நிறம், தூக்கினால் பாரமே தெரியாது. உள்ளே இருந்தது செலரான் என்ற மலிவான, மெதுவான புரொசசரும் 4 ஜி.பி. ரேமும் (வேலை நடக்கும்போது கணினி பாவிக்கும் நினைவகம்). இரண்டாம் மாதம், கைப்பேசிச் செயலிகள் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவினேன். ஒரு சின்னத் திட்டத்தைத் திறப்பதற்குள் தேநீர் போட்டுக் குடித்து முடிக்கலாம். ரேமைக் கூட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனபோது, அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது, மாற்றவும் முடியாது கூட்டவும் முடியாது என்று திருத்துகிறவர் காட்டினார். அதே பணத்துக்கு, ஓர் அலுவலகத்தில் நாலைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்த உறுதியான மடிக்கணினி ஒன்று அன்றைக்குக் கிடைத்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் ஆள் இல்லை.

குறைந்த பணத்தில் நிரலாக்கம் கற்க வருகிறவர் புதிய மலிவுப் பொருளை விட்டுவிட்டு, திறந்து பாகம் மாற்றக்கூடிய பழைய அலுவலக மடிக்கணினியைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைப் பணம் கொடுக்கும் முன் தானே உட்கார்ந்து சோதிக்கவும் வேண்டும். எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

காசைப் பிரித்து வையுங்கள்

கையில் ஒரு இலட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சத்துக்கு மடிக்கணினி தேடாதீர்கள். 80 ஆயிரத்துக்குத் தேடுங்கள். மீதி 20 ஆயிரத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பாவித்த பொருள் வாங்கினால் பற்றரியோ, எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகமோ, இன்னொரு ரேம் துண்டோ, சார்ஜரோ ஏதாவது ஒன்று ஆறு மாதத்துக்குள் பணம் கேட்கும். தொகை எவ்வளவானாலும் ஐந்தில் ஒரு பங்கு இதற்கென்று இருக்கட்டும்.

எந்த மாதிரி என்ன விலை என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. டொலரோடு சேர்ந்து ஏறி இறங்கும் விலையை இன்று எழுதினால் நாளை பொய்யாகிவிடும். ஒரு மாதிரியை முடிவு செய்தபின், மூன்று கடைகளில் விலை கேட்டு, இணைய விளம்பரங்களிலும் பார்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோரையும்விட மிகக் குறைத்துச் சொல்கிறவரிடம்தான் அதிகக் கேள்வி கேட்க வேண்டும்.

எதை எழுதப் போகிறீர்கள்?

பைதான், ஜாவா, சி போன்ற மொழிகளில் பாடம் படித்துச் சிறு நிரல்கள் எழுத ஏறக்குறைய எந்தக் கணினியும் போதும். இணையத்தள வேலை என்றால், ஒரு பக்கம் நிரல் எழுதும் விஎஸ் கோட், மறுபக்கம் இருபது பக்கங்கள் திறந்த குரோம், பின்னணியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட், ஒரு தரவுத்தளம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே 8 ஜி.பி. ரேம் மூச்சு வாங்கும். 16 இருந்தால் நிம்மதி. ஆண்ட்ராய்டு செயலிகளுக்கும், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து ஓட்டும் டொக்கருக்கும் 16 ஜி.பி.யை ஆசையாக நினைக்காமல் தேவையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே ஒரு கைப்பேசியைப் போலச் செயற்படும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் இழுபட்டால், உங்கள் கைப்பேசியையே யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்துச் செயலியை ஓட்டிப் பார்க்கலாம்.

இயந்திரக் கற்றல் படிக்கப் போகிறேன், கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும் என்று சிலர் பழைய விளையாட்டு மடிக்கணினிகளைத் தேடுகிறார்கள். தொடக்க நிலையில் அது வீண் செலவு. இணையத்திலேயே நிரலை ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் இலவசமாகவே கிராஃபிக்ஸ் புரொசசர் கிடைக்கிறது. பல மணி நேரம் சூட்டில் ஓடிய விளையாட்டு இயந்திரத்தை இன்னொருவர் கையிலிருந்து வாங்குவதற்கு எனக்கு மனம் வராது.

ஐபோன் செயலிகள் எழுத வேண்டுமானால் மட்டும் வேறு வழியில்லை, மேக் கணினி வேண்டும். அப்போதும் இன்டெல் புரொசசர் கொண்ட மேக்கை விலை குறைகிறது என்று எடுக்காதீர்கள். 2025 இல் வந்த மேக்ஓஎஸ் தஹோதான் இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. 2020 இன் இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏரிலிருந்து பாருங்கள். அதில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, 16 ஜி.பி. கிடைத்தால் அதையே எடுங்கள். முன்னைய உரிமையாளர் ஐகிளவுட் என்ற தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண் முன்னால் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டி.

ஐ5, ஐ7 என்பதற்குப் பிறகு வரும் எண்

கடைக்காரர் "இது ஐ7 தம்பி" என்று சொன்னவுடன் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, "எந்தத் தலைமுறை?" என்பதுதான். இன்டெல் புரொசசரின் முழுப் பெயரில் ஒரு சிறு கோட்டுக்குப் பின் ஓர் எண் வரும். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210யூ என்றால் பத்தாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் பதினோராம் தலைமுறை. நான்கு இலக்கம்தானே என்று இதை முதலாம் தலைமுறையாக எண்ணிவிடக் கூடாது.

எட்டை ஒரு எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் தலைமுறை வரை, யூ என்ற எழுத்தில் முடியும் மெல்லிய மடிக்கணினிப் புரொசசர்களில் ஐ7 ஆனாலும் உள்ளே வேலை செய்யும் கருக்கள் (கோர்கள்) இரண்டுதான். 2017 இன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறையில் ஐ5 க்கே நான்கு கருக்கள் கிடைத்தன. ஆகவே ஐ5-8250யூ, பெயரில் பெரிதாகத் தெரியும் ஐ7-7500யூவைவிட வேகமானது. எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்குத் தொகுக்கும்போது கணினி எல்லாக் கருக்களையும் வேலைக்கு இழுக்கும். அப்போது வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

எட்டைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொஃப்ட் ஏற்கிறது. ஏழு, ஆறு என்று கீழே போனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான் வழி. அது தாழ்ந்த வழியும் இல்லை. பணம் உண்மையிலேயே குறைவென்றால், ஆறாம் தலைமுறை ஐ5 ஒன்றில் 8 ஜி.பி. ரேமும் ஓர் எஸ்.எஸ்.டி.யும் போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவி ஒரு முழு ஆண்டு படிக்கலாம். என்னிடம் கற்ற ஒருவர் அப்படிப் படித்துத்தான் முதல் வேலைக்குப் போனார்.

ஏ.எம்.டி. ரைசன் என்றால் ரைசன் 5 3500யூவில் நான்கு கருக்கள். 2020 இல் வந்த 4000 வரிசையின் ரைசன் 5 இல் ஆறு. பின்னது கிடைத்தால் விடாதீர்கள். செலரான், பென்டியம் சில்வர் என்று எழுதியிருப்பவற்றை, எவ்வளவு புதியதாக இருந்தாலும், தொடாதீர்கள்.

வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஸ்டிக்கரை யாரும் எதிலும் ஒட்டலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் செயல்திறனைக் காட்டும் பக்கத்தில் புரொசசரின் முழுப் பெயர் இருக்கும். உங்கள் கண்ணால் அதைப் படித்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

ரேமுக்கு எத்தனை இடம்?

அதே பக்கத்தில் நினைவகம் என்ற பகுதிக்குப் போனால் இரண்டில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று ரேம் இடங்களின் கணக்கு தெரியும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் மகிழ்ச்சி. இன்று 8 ஜி.பி.யோடு வாங்கி, அடுத்த மாதம் இன்னொரு 8 ஐப் போடலாம். இரண்டு துண்டுகள் சோடியாக ஓடும்போது வேகமும் சற்றுக் கூடும். இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். பற்றவைத்த ரேமையும் சில வேளைகளில் அது ஓர் இடமாகக் காட்டிவிடும். மாதிரியின் பெயரை இணையத்தில் தேடி உறுதிப்படுத்துங்கள்.

நான் அடிக்கடி பரிந்துரைப்பவை மூன்று: லெனோவோ திங்பேட் டி480, டெல் லேட்டிடியூட் 5490 அல்லது 7490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5. எல்லாம் 2018 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் ரேமுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன, எஸ்.எஸ்.டி.யையும் மாற்றலாம், அடிமூடியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம். ஆனால் இதே மாதிரிகளில் சில ஏழாம் தலைமுறைப் புரொசசரோடும் விற்கப்பட்டன. பெயரைப் பார்த்த பிறகும் டாஸ்க் மனேஜரைப் பார்க்கத்தான் வேண்டும். டி480 இன் பெயருக்குப் பக்கத்தில் எஸ் என்ற ஓர் எழுத்து சேர்ந்தால் அது மெல்லிய தம்பி. அதில் ஒரு ரேம் பற்றவைத்தது, ஓர் இடம்தான் திறந்திருக்கும். டி490 உம் அப்படியே. எக்ஸ்1 கார்பனில் எல்லாமே பற்றவைத்தது.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு இருந்தால் ஓர் எஸ்.எஸ்.டி.யின் விலையைக் கழித்துப் பேசுங்கள். திரை 1920க்கு 1080 புள்ளிகளாக இருக்கட்டும். 1366க்கு 768 திரையில் இருபது முப்பது வரிகளுக்கு மேல் நிரல் தெரியாது. நாள் முழுக்க மேலும் கீழும் உருட்டிக் கண்ணும் கையும் களைத்துவிடும்.

எங்கே வாங்குவது?

மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் நடந்தால் கணினிக் கடைகள் கண்ணில் படும். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் சில வேளைகளில் குறைவு. இரவு ரயிலில் ஏறிக் காலையில் கோட்டையில் இறங்கி, பகலெல்லாம் பார்த்து வாங்கி, அன்றிரவே திரும்பலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பதினைந்தாம் நாள் திரை கோடு விழுந்தால் மறுபடி அதே ரயில், அதே ஒரு நாள், அதே செலவு. ஐயாயிரம் ரூபாய் கூடினாலும், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய் "அண்ணன், இது இப்படி ஆகிவிட்டது" என்று கதைக்கக்கூடிய கடை நல்லது என்பது என் எண்ணம். கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

இணைய விளம்பரத்தைப் பார்த்துத் தனியாரிடம் வாங்கலாம். பகலில், மணிக்கூட்டுக் கோபுரத்தடி போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், இருந்து சோதிக்க மேசையும் மின்சாரமும் உள்ள கடையொன்றில் சந்தியுங்கள். முற்பணம் அனுப்பச் சொல்கிறவரையும், பார்சலில் அனுப்பிவிடுகிறேன் என்கிறவரையும் விட்டுவிடுங்கள். தொட்டுப் பார்க்காத பாவித்த மடிக்கணினிக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

கடையில் இரண்டு மணி நேரம்

இதற்கென்றே நேரம் ஒதுக்கிப் போங்கள். தெரிந்தவர், மாமாவின் நண்பர் என்று முகத்தாட்சண்யம் பார்த்தால் சோதிக்க முடியாது. உட்கார்ந்ததும் பணிவாகக் கேட்டுவிடுங்கள்: "நானா, இரண்டு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு எடுக்கலாமா?" நேர்மையான கடைக்காரர் ஒரு கதிரையை இழுத்துப் போடுவார். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

பையில் கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. உபுண்டு லினக்ஸை நேரடியாக ஓட்டக்கூடியதாகத் தயாரித்த ஒரு பென் டிரைவ். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO), கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற இரண்டு இலவச மென்பொருள்கள், நிறுவாமலே ஓடும் வடிவத்தில், இன்னொரு பென் டிரைவில். ஒரு காதொலிக் கருவி, தரவு உள்ள கைப்பேசி. முடிந்தால் விவரம் தெரிந்த ஒரு தோழனோ தோழியோ.

அணைந்திருக்கும்போதே முதலில் பாருங்கள். கண்ணாடி மேசையில் வைத்து நான்கு மூலையையும் மெல்ல அழுத்துங்கள். ஆடினாலோ, தொடுபலகை நடுவில் மேலெழும்பி நின்றாலோ, உள்ளே பற்றரி வீங்கியிருக்கக்கூடும். வீங்கிய பற்றரி தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது. அதை மாற்றித் தந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். மூடியை ஒரு கையால் திறந்து மூடுங்கள். பிணைச்சல் இருக்கும் மூலையில் வெடிப்போ கிறீச்சென்ற சத்தமோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கென்று நான் சேர்த்துக்கொண்ட சோதனை. கைப்பேசி விளக்கை அடித்து யூ.எஸ்.பி. துளைகளுக்குள்ளும், எச்.டி.எம்.ஐ. துளைக்குள்ளும், அடிப்புறத் திருகாணித் தலைகளிலும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், செந்துரு ஏறியிருந்தால், அந்த இயந்திரம் உப்புக் காற்றிலோ தண்ணீரிலோ அடிபட்டிருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் கடலைப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் இருந்த ஒரு மடிக்கணினியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே விசிறியின் தண்டும் ரேம் பொருந்தும் ஊசிகளும் கறுத்துப் போயிருந்தன. கடைக்காரர் சம்மதித்தால் அடிமூடியையும் கழற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இனி இயக்குங்கள். குறிப்பேட்டு மென்பொருளைத் திறந்து ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள். எழுத்துகளைவிட, வளைந்த அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, பின்சாய்கோடு, எஸ்கேப் விசைக்குக் கீழுள்ள சிறு சாய்குறி ஆகியவை நமக்கு முக்கியம். நிரல் எழுதுகிறவரின் கை நாள் முழுக்க அங்கேதான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சில மடிக்கணினிகளில் ஜேர்மன் போன்ற மொழிகளின் விசையமைப்பு இருக்கும். சதுர அடைப்புக்குறிக்குக்கூட இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டி வரும். அரபு எழுத்துகள் கூடுதலாக அச்சடிக்கப்பட்டிருப்பது பரவாயில்லை, பழகிவிடும். விசைகளின் இடமே மாறியிருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள் அல்லது விடுங்கள்.

திரை முழுவதும் வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு நிறங்களைக் காட்டிப் பாருங்கள். செத்த புள்ளி ஒன்றிரண்டு மூலையில் இருந்தால் பொறுக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, திரையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது கோடு விழுந்தால் கம்பி தேய்ந்திருக்கிறது. எல்லா யூ.எஸ்.பி. துளைகளிலும் பென் டிரைவைச் செருகுங்கள். காதொலி, ஒலிவாங்கி, கமெரா மூன்றையும் சோதியுங்கள், ஏனென்றால் உங்கள் முதல் வேலைக்கான நேர்முகம் இந்தக் கமெராவில்தான் நடக்கப் போகிறது. கைப்பேசியிலிருந்து வைஃபை கொடுத்து, இரண்டு அறை தள்ளி வைத்தும் தொடர்பு நிற்கிறதா பாருங்கள். திங்பேட் டி480 ஆனால் யூ.எஸ்.பி. சி துளையில் சார்ஜரைச் செருகி இரண்டு துளைகளும் மின்னேற்றுகின்றனவா என்று உறுதி செய்யுங்கள். அந்தக் கால திங்பேட்களின் தண்டர்போல்ட் ஃபேர்ம்வெயரில், அதாவது அந்தத் துளையை இயக்கும் உள்மென்பொருளில், இருந்த ஒரு குறையால் இந்தத் துளை செயலிழந்த சம்பவங்கள் உண்டு. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. வாங்கியதும் முதல் வேலையாக அதை நிறுவ வேண்டும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியம் நூற்றுக்கு இத்தனை என்றும், எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் தெரியும். ஒரு நாளுக்கு எட்டு மணி, ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்றால் ஐந்து ஆண்டில் 10,000 மணி. அலுவலக மடிக்கணினிக்கு அது இயல்பு. இயந்திரம் 2018 ஐச் சேர்ந்தது, எஸ்.எஸ்.டி. மட்டும் 30 மணி ஓடியது என்றால் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பெயர் கேள்விப்படாத தயாரிப்பா என்று பாருங்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோவில் பற்றரிப் பகுதிக்குப் போனால் இரண்டு எண்கள் இருக்கும்: செய்தபோது இருந்த கொள்ளளவும், இப்போது நிரம்பும் கொள்ளளவும். 50 வாட்-மணி என்று பிறந்தது இப்போது 30 தான் பிடிக்கிறது என்றால் அறுபது வீதம் மிச்சம். அதற்குக் கீழே போனால் புதிய பற்றரியின் விலையை உங்கள் கணக்கில் சேருங்கள். எண்ணை மட்டும் நம்பாமல், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு காணொளியை இருபது நிமிடம் ஓடவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊரில், பற்றரியைச் சில்லறை விடயமாக நினைக்க முடியாது.

கடைசியாகச் சூடு. உபுண்டு பென் டிரைவிலிருந்து இயக்கி, இணையத்தில் பத்துப் பதினைந்து பக்கங்களையும் உயர்தரக் காணொளியையும் ஒன்றாகத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். விசிறி இரைவது இயல்பு. தானாக அணைந்தாலோ, விசிறி அரைக்கும் சத்தம் போட்டாலோ எழுந்துவிடுங்கள். லினக்ஸில் வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் ஓடுகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

பூட்டுகள்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே ஏமாந்தால் பணம் முழுவதும் போகும். இயக்கும்போதே, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து பாருங்கள். திங்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10. கடவுச்சொல் கேட்டால், அதை நீக்கித் தந்த பிறகுதான் மிகுதிப் பேச்சு. வேர்ச்சுவலைசேஷன், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதி, அணைத்து வைக்கப்பட்டிருந்தால், அந்தக் கடவுச்சொல் இல்லாமல் அதை இயக்க முடியாது. அது இயங்காவிட்டால் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் டொக்கரும் சரியாக ஓடாது. டாஸ்க் மனேஜரின் புரொசசர் பக்கத்தில் அது இயங்குகிறதா இல்லையா என்று எழுதியிருக்கும்.

நிறுவனங்களிடமிருந்து வந்த மடிக்கணினிகள் சில, விண்டோஸை அழித்து மறுபடி நிறுவி இணையத்தோடு இணைத்தவுடன், பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் கணக்கைக் கேட்கும். அந்த நிறுவனம் தன் பதிவிலிருந்து விடுவிக்காத இயந்திரம் அது. அப்படி ஒன்று வந்தால் திருப்பித் தரலாம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அடிப்புறத்திலுள்ள தொடரிலக்கமும் பயாஸில் காட்டும் தொடரிலக்கமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அந்த இலக்கத்தைத் தயாரிப்பாளரின் ஆதரவுத் தளத்தில் இட்டால் அது எந்த மாதிரி என்பது தெரியும். டெல்லில் தொழிற்சாலையிலிருந்து எந்தப் பாகங்களோடு வந்தது என்பதுவரை தெரியும்.

பற்றுச்சீட்டு

மாதிரியின் பெயர், தொடரிலக்கம், புரொசசர், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, உத்தரவாத நாட்கள், அந்த உத்தரவாதத்தில் திரையும் பற்றரியும் அடங்குமா என்பது, இவ்வளவும் கடையின் முத்திரையோடு தாளில் இருக்க வேண்டும். "ஒன்றும் ஆகாது தம்பி, நான் இருக்கிறேன்" என்பது அன்பான பேச்சுத்தான். ஆனாலும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தந்ததை ஒரு கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அங்கேயும் உங்கள் வாதம் பலவீனப்படும். தனியாரிடம் வாங்கினால், அவர் தன் கையால் எழுதி ஒப்பமிட்ட ஒரு தாளும் அடையாள அட்டை இலக்கமும் போதும்.

வீட்டுக்கு வந்த அன்றிரவு

கடைக்காரர் நிறுவித் தந்த விண்டோஸில் ஒரு கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யாதீர்கள். அதை யார் நிறுவினார், எதைக் கொண்டு செயற்படுத்தினார் என்று உங்களுக்குத் தெரியாது. நாளை, எழுதிய நிரல்களை வைக்கும் உங்கள் கிட்ஹப் கணக்கும் வாடிக்கையாளரின் கணக்குகளுக்கான இரகசியத் திறப்புகளும் இந்த இயந்திரத்தில் இருக்கப் போகின்றன. முழு வட்டையும் அழித்து, மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸையோ, உபுண்டுவின் தளத்திலிருந்து இறக்கிய உபுண்டுவையோ நீங்களே நிறுவுங்கள். அலுவலக மடிக்கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் இணையத்தோடு இணைந்ததும் தானாகச் செயற்படும். நிறுவும்போது இணையத்தோடு இணைத்தே செய்யுங்கள்; மேலே சொன்ன நிறுவனப் பூட்டு இருந்தால் உத்தரவாத நாட்களுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும்.

முதல் வாரம் முழுவதும் உண்மையான வேலையைக் கொடுங்கள். படிக்கும் பாடத்தின் திட்டத்தைத் தொகுங்கள், நாலு மணி நேரம் தொடர்ந்து பாவியுங்கள், மூடித் தூங்க வைத்து எழுப்புங்கள். ஏதாவது குறை இருந்தால் அந்த வாரமே பற்றுச்சீட்டோடு போய்ச் சொல்லுங்கள்.

மேசையைக் கடல் காற்று நேராக அடிக்கும் யன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தூசியும் சூடும் விசிறியை அடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக் காலத்தில் வேலை முடிந்ததும் இயந்திரம் ஆறியபின் பையில் வையுங்கள். புதிய செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொதிகளை எறியாமல் நாலைந்தை அந்தப் பைக்குள் போட்டு வையுங்கள்.